ஆறு வருஷம் பேசிய பிறகு கேட்ட குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். பிழை தென்பட்டால் மனசுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள். என்னிடம் சொன்னால் கூச்சப்படுவேன்.

போன வாரம் எங்கள் தெருவில் பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடித்துத் தருகிற ஆள் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் அவர் அடிக்க அடிக்கப் பஞ்சுத்தூள் எழும்பி என் சட்டை, மீசை, காப்பி டம்ளர் எல்லாவற்றிலும் படிந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று மூச்சை நன்றாக இழுத்தேன். பதினெட்டு வருஷம் நான் சுவாசித்த காற்று அது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தவன் நான். ரிங் பிரேம் என்கிற நீளமான இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுகிற வேலை.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அங்கே யாரும் பேச முடியாது. இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது சொர்க்கம். எல்லாரும் கையால்தான் பேசுவோம். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டினால் இழை அறுந்திருக்கிறது. மேலுதட்டைத் தொட்டால் மீசைக்கார சூப்பர்வைசர் வருகிறார். வயிற்றுக்கு முன்னால் பெரிய வட்டம் போட்டால் மேனேஜரே வருகிறார், ஓடு. ஆளுக்கொரு அடையாளமும் உண்டு. தலையைக் கவிழ்த்துத் தரையைப் பார்த்தால் அது நான். மூக்குத்தியைத் திருகுவதுபோல் காட்டினால் பக்கத்து இயந்திரத்தில் நின்ற செல்வி. பிற்பாடு அவளையே கட்டிக்கொண்டேன். கல்யாணம் பண்ணலாமா என்று கேட்டதும் கையால்தான். எப்படிக் கேட்டேன் என்று எழுதமாட்டேன்.

காதுக்கு மேலே விரலைச் சுருட்டிக் காட்டினால் திலீப். ஒடிசாவிலிருந்து வந்தவர், தலை நிறையச் சுருட்டை முடி. ஆறு வருஷம் எனக்கு எதிர் இயந்திரத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர் பாஷை தெரியாது. ஆனால் அவருடைய மாட்டுக்குக் கன்று பிறந்தது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தது, மில் விடுதியில் சாம்பார் என்ற பெயரில் ஊற்றப்படுவது என்ன என்பது வரை எல்லாம் பேசியிருக்கிறோம். ஒரு நாள் அவர் தன் மாமனாரைப் பற்றிக் கையால் ஒரு கதை சொல்லி, நான் சிரித்த சிரிப்பில் பதினாறு இழை அறுந்துபோனது. ஷிப்டு முடிந்து வாசலுக்கு வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் வார்த்தை இருக்காது. தலையை ஆட்டிவிட்டுப் பிரிந்துபோவோம்.

அப்புறம்தான் உலகம் முழுக்க அந்த நோய் வந்தது. மில்லை மூடினார்கள். விடுதியில் அடைந்து கிடந்த வெளிமாநிலத்துக்காரர்களை ஊருக்கு அனுப்ப ஒரு நாள் காலையில் மில் வாசலுக்கு பஸ் வந்தது. விடுதியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று பேச்சு. திலீப்பை வழியனுப்பப் போக நான் சட்டையைப் போட்டேன். செல்வி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “போனீகன்னா அப்பிடியே ஒடிசாவுக்குப் போயிருங்க. இங்கிட்டு வரக்கூடாது” என்றாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது.

மில் திறந்த பிறகு பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். திலீப் வரவில்லை. விடுதிக்காரர்கள் தேடிக் கொடுத்த நம்பருக்கு ஒரு தடவை போன் போட்டேன். அந்தப் பக்கம் யாரோ “ஹலோ” என்றார்கள். நானும் “ஹலோ” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? வைத்துவிட்டேன். அவர்தானா என்றுகூடத் தெரியாது. அவர் குரலை நான் கேட்டதே இல்லையே. கோபமாக இருப்பாரோ என்கிற ஒன்று மட்டும் செருப்புக்குள் போன கல் மாதிரி என்னோடேயே நடந்துவந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டு வானொலி ஒன்றுக்கு ஒலிச்சித்திரம் செய்கிறவள். செய்தியில் இத்தனை லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள், அதில் ஒரே ஒருவரின் கதையை அவர் குரலிலேயே கேட்க வைப்பதுதான் தன் வேலை என்றாள். மாதிரிக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். எங்கேயோ கடலோரத்தில் ஒரு பொம்பளை தட்டுக் கழுவிக்கொண்டே அழுதது. பாஷை புரியவில்லை, தட்டுச் சத்தம் புரிந்தது. மில் முன்னால் டீக்கடை வைத்திருப்பவர் அவளிடம், “மில்லுக்குள்ள திலீப்புன்னு ஒரு ஒடிசாக்காரரு இருந்தாரு, அவரோட எந்நேரமும் பேசிக்கிட்டே இருப்பாப்லயாம் ஒருத்தரு” என்று என்னைக் கைகாட்டிவிட்டிருக்கிறார். ஒரு வார்த்தை பேசாத எனக்கு இப்படி ஒரு பெயர்!

திலீப்பின் ஊருக்கும் ஒருவர் போகப்போகிறார், நான் சொல்வதைத் திலீப்பிடம் போட்டுக் காட்டுவார் என்று அந்தப் பெண் சொன்னாள். கேட்டுவிடலாம். கோபமா என்று கேட்டுவிடலாம்.

ஒலிப்பதிவுக்காக வீட்டில் மின்விசிறியை நிறுத்தினோம். கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்தோம். பக்கத்து வீட்டில் மிக்சி போட வேண்டாம் என்று செல்வி சொல்லப்போக, அந்த வீடே என்ன ஏதென்று பார்க்க வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. பூனைக்குட்டிபோல் முடி வைத்த மைக்கை அந்தப் பெண் என் வாய்க்கு நேரே நீட்டினாள். வீட்டில் அப்படி ஒரு அமைதி.

“சொல்லுங்கண்ணே. திலீப் எப்படிப்பட்டவர்?”

நான் சொன்னேன். கன்றுக்குட்டி, தங்கச்சி, மாமனார் எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியதில்லை. பார்த்தால் அந்தப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, உங்க சட்டைக்கை உரசுறதுதான் கேக்குது. வாயால சொல்லுங்க.”

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். திலீப்பை நினைத்ததும் கை தானாகவே எழும்பியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. வாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது.

“இவுகள விட்டா விடிஞ்சிரும். நாஞ் சொல்றேன் தாயி” என்று செல்வி மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் கை காட்டக் காட்ட அவள் சொன்னாள். கூடவே தன் சரக்கையும் சேர்த்தாள். “ரொம்ப நல்ல மனுசங்கிறாரு. நல்ல மனுசந்தான். ஆனா ரெண்டு பேருஞ் சேந்தா ஒரு வேலை நடக்காது, அதச் சொல்ல மாட்டேங்கிறாரு பாருங்க.”

பஸ் வந்த நாளுக்கு வந்தேன். வழியனுப்ப வரவில்லை, மன்னித்துக்கொள் என்று காட்டப் போனேன். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மன்னிப்புக்கு மில்லில் சைகையே கிடையாது. இழை அறுந்தால் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம், யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

செல்வி என் கையைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் பார்த்து, “தம்பி திலீப்பு, அன்னைக்கு இவுக கெளம்பத்தான் செஞ்சாக. நாந்தான் கதவப் பூட்டி வச்சுட்டேன். கோவம்னா என்மேல கோவிச்சுக்கங்க” என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நல்ல பெயரும் கிடைத்திருக்கும். ஆனால் அன்றைக்குக் கதவு பூட்டிய சத்தம் கேட்டபோது உள்ளுக்குள் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அது எனக்கு மட்டும்தானே தெரியும். எப்படி வந்ததோ, வாய் திறந்துகொண்டது.

“பூட்டுனது அவ. தெறக்கச் சொல்லி நான் கேக்கல.”

அவ்வளவுதான் நான் பேசியது. அந்தப் பெண் காதில் மாட்டியதைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

நாலு மாதம் கழித்து அது ஒலிபரப்பானது. மகள் தன் போனில் போட்டாள். இங்கிலீஷ்காரர் ஒருவர் பேச, அடியில் செல்வியின் குரல் ஓடியது. நடுவில் யாரோ ஒரு ஆள் தொண்டையில் கரகரவென்று ஒரு வரி சொன்னான். “அப்பா, அது நீங்கதான்” என்றாள் மகள்.

அடுத்து திலீப் பேசினார். மெல்லிசான, கீச்சுக் குரல்! ஆறு வருஷமாக அவருக்கு ஒரு கட்டைக்குரலை நானாகவே கொடுத்து வைத்திருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. மகள் இங்கிலீஷைக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். “நீங்க வரலைன்னு முதல்ல வருத்தமா இருந்துச்சாம்ப்பா. பஸ் கெளம்பினதும் நல்லவேளைன்னு நெனச்சாராம். உங்க தூக்குவாளி அவரு பையிலதான் இருந்துச்சாம். அதுக்கு முன்னாடி எப்பவோ அதுல கோழிக்கொழம்பு குடுத்தீங்களாமே. ஆள் இல்லாத நேரம் பாத்து ஏனத்தோட போயிட்டமேன்னு இன்னமும் வெக்கமா இருக்காம்.”

செல்வி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “பஸ்ல வச்சு மறந்துட்டேன்னு சொன்னீக? என் கல்யாணச் சீரு அது! எங்கப்பன் பேரு வெட்டியிருக்கும் அதுல!”

“அதுல இப்ப பொரி போட்டு வச்சிருக்காராம்மா. திருப்பித் தரணுமாங்கிறாரு.”

செல்வி மூக்கை உறிஞ்சினாள். “இருக்கட்டும். எங்கப்பனும் நாலு ஊரு பாக்கட்டும்.”

அன்று ராத்திரி நான் இரண்டு தட்டுச் சோறு கூடத் தின்றேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிறது. மில்லை விற்றுவிட்டார்கள். இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள், கூரையைப் பிரித்தார்கள், சுவரையும் இடித்தாயிற்று. இப்போது அங்கே மஞ்சள் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். போன மாதம் மகள் திலீப்பின் மகனுடைய நம்பரை வாங்கி, படம் தெரிகிற மாதிரி போன் போட்டுத் தந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு மில் இருந்த இடத்துக்கே நடந்துபோய், அவருக்குச் சுற்றிக் காட்டினேன். இங்கே என் இயந்திரம், அங்கே உன்னுடையது என்று கையால் சொன்னேன். அவர் முகத்தைப் போனுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து பார்த்தார். முடி நரைத்திருந்தது. பிறகு தன் கீச்சுக் குரலில் மெதுவாக ஏதோ சொன்னார்.

சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஒன்றுமே புரியவில்லை. அந்த இரைச்சல் இருந்தவரைக்கும் எங்களுக்குள் புரியாதது என்று ஒன்று இருந்ததே இல்லை.

எழுதி முடித்தது: புரட்டாசி நான்காம் தேதி, சனிக்கிழமை, வீட்டில் எல்லாரும் தாடிக்கொம்புக் கோயிலுக்குப் போயிருந்தபோது.