ராயப்பன் உடைத்த பொங்கல் பானை

பாகூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ராயப்பன் கோயில்பிள்ளையாக இருந்தார். மாதா கோயில் மணியை அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைத் துணிகளை எடுத்து வைப்பது, இவ்வளவுதான் வேலை. இது போதாதென்று இன்னொரு வேலையையும் தாமாகவே தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், பொங்கல் வைப்பது பாவம் என்பது அவர் கட்சி. தை முதல் தேதி விடிந்ததும் அவர்கள் வீடுகளை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எந்த வாசலில் கோலம், எந்த வீட்டில் மாவிலை என்று மோப்பம் பிடிப்பார். அந்த வாரமே எல்லாம் கோயில் சாமியார் காதுக்குப் போய்விடும். அவர் தலையைக் கண்டால் ஜனங்கள் கரும்பைக்கூட ஒளித்து வைத்தார்கள்.

ஒரு வருஷம் அந்தச் சுற்றில் பெற்ற மகளே அகப்பட்டாள். லூர்தம்மாளை அடுத்த ஊரான செலியமேட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டுத் தையலம்மாளோடு சேர்ந்து அவளும் வாசலில் சூரியனைப் பார்த்துப் பொங்கல் வைத்திருந்தாள். பொங்கி வந்த பானையை ராயப்பன் கைத்தடியால் ஒரே அடியில் உடைத்தார். அத்தோடு விட்டாரா? நேரே போய்ச் சாமியாரிடமும் சொன்னார். ஏழு மாதக் கர்ப்பிணி, சாமியார் விதித்த தண்டனைப்படி மூன்று ஞாயிறு கோயில் வாசலில் முழங்காலில் நின்றாள். உள்ளே பூசைக்கு மணி அடித்தவர் அவளைப் பெற்றவர்.

அதன்பிறகு மகள் அவரோடு பேசவில்லை. பேத்தி பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள்; அவள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. வேதத்துக்காக விட்டுக்கொடுத்தேன் என்று வெளியே நிமிர்ந்து நடந்தார். உள்ளுக்குள் ஏங்கித்தான் கிடந்தார்.

நான்காம் வருஷம் பழைய சாமியார் மாற்றலாகிப் போய், பிரான்சிலிருந்து புதியவர் வந்தார். எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பவர். கிறிஸ்துமஸுக்கு இருவரும் குடில் கட்டிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்.

"ராயப்பா, சேசுநாதர் பிறந்த தேதி சுவிசேஷத்தில் இல்லை, தெரியுமோ? நாம் கொண்டாடும் இதே டிசம்பர் இருபத்தைந்தில் ரோமாபுரியில் சூரியனுக்குத் திருநாள் நடந்தது. அதைத்தான் திருச்சபை எடுத்து, மெய்யான சூரியன் ஆண்டவரே என்று மாற்றி வைத்தது. படித்தவர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள்."

ராயப்பன் கையிலிருந்த வைக்கோல் நழுவியது. "சூரியனுக்கா, சாமி? மேல நிக்கிற இந்தச் சூரியனுக்கா?"

"இதே சூரியனுக்குத்தான். அதனாலென்ன? பழைய திருநாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம், அவ்வளவுதான்." சாமியார் சிரித்துக்கொண்டே மாட்டுப் பொம்மையைத் துடைத்து வைத்தார்.

ராயப்பனுக்குத் தலையில் இடி விழுந்தது. பலிபீடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாக யார் திருநாளுக்கு மணி அடித்தோம்? உடைத்தது யார் பானையை? அந்தக் கிறிஸ்துமஸ் பூசையில் மணி அடிக்க வேண்டிய இடத்தை இரண்டு முறை தவறவிட்டார்.

தை பிறந்தது. வீடுகளைச் சுற்றப் போகவில்லை. குயவரிடம் புதுப் பானை ஒன்று வாங்கிக்கொண்டு செலியமேட்டுக்கு நடந்தார். லூர்தம்மாள் கோலமில்லாத வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னா இது?" என்றாள். நான்கு வருஷத்தில் முதல் பேச்சு.

"பொங்கு கண்ணு. பாவமில்லியாம். நம்ம கிறிஸ்துமஸே ஒரு காலத்துல சூரியனுக்குச் செஞ்ச திருநாளுதானாம். புதுச் சாமியாரே சொன்னாரு."

அடுத்த வாசலில் தையலம்மாள் வீட்டார் பொங்கலோ பொங்கல் என்று கூவினார்கள். லூர்தம்மாளின் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை கதவைத் தட்டித் தட்டி அழுதது.

"கேக்குதா? உன் பேத்திதான். தையலம்மா வீட்டுப் பானைய அவ பாத்துடக் கூடாதுன்னு காலைலேர்ந்து தாப்பா போட்டு வெச்சிருக்கேன். பாவம் பாவம்னு நீதான சொன்ன? நானும் நம்பிட்டேன். இப்ப வந்து இல்லன்றியா? அப்போ வயித்துப் புள்ளையோட நான் எதுக்கு நைனா மண்டி போட்டேன்?"

ராயப்பன் பானையைக் கீழே வைத்தார். மகள் வீட்டு வாசலில், வெயிலில், முழங்காலிட்டார்.

லூர்தம்மாள் பதறிப்போனாள். "ஏந்திரு நைனா. ஊரு பாக்குது."

"அன்னிக்கும் ஊரு பாத்துச்சிம்மா" என்றார். எழுந்திருக்கவில்லை.