அஞ்சு பர்சென்ட் காற்று

பெங்களூரில் ஸ்டெம்செல் வளர்க்கும் ஓர் ஆய்வகத்தில் மரியகுழந்தைக்கு உத்தியோகம், செல்களுக்குச் சாப்பாடு போடுவது. சாப்பாடென்றால் சர்க்கரை கலந்த தண்ணீர்தான். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் விடியுமுன் ரயிலேறிப் போய், பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றுவார். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். இந்த மாதம் பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மனைவி லூயிசா அதற்குள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா மனுஷனுக்குக் கருணை பொங்க வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை தனியாக டியூட்டி. செல்கள் இருக்கும் பெட்டி அந்த வாரம்தான் வந்த புதுசு. ஆக்சிஜன் ஐந்து சதவீதம் என்று, பழைய பெட்டி காட்டாத கணக்கை, அதன் திரை காட்டியது. இவரோ சுரங்கக்காரர் மகன். அப்பா, சுரங்கத்தின் ஆழத்தில் காற்றில்லாத லெவலில் மூச்சுத் திணறிச் செத்தவர். காற்று குறைந்தால் முதலில் காற்றைத் திற, கேள்வியெல்லாம் அப்புறம் என்பது சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். பட்டனை அழுத்தி வெளிக்காற்று அளவுக்கு ஏற்றிவிட்டு, நிம்மதியாக ரயிலேறினார்.

வியாழக்கிழமை லீவு முடிந்து வந்த விஞ்ஞானி மம்தா, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"யாரு காத்து ஏத்தினது?"

மெஷின் கோளாறு என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்வாரா! "நான்தான் மேடம். பாவம், மூச்சு முட்டுமேன்னு..."

"அய்யோ அண்ணா, இதுங்களுக்கு அவ்ளோ காத்து வேணாம். சக்கரையை முழுசா எரிக்காது. பாதியில உடைச்சு சக்தி எடுத்துக்கும், மிச்சத்தைப் புளிப்பா வெளிய தள்ளிடும். அதான் இவ்ளோ சக்கரை கேக்குது. காத்து நெறைய கெடச்சா முழுசா எரிக்கப் பழகி, நரம்பு, இதயம்னு ஏதாவது ஒரு வேலையில சேந்துடும்."

"வேலையில சேர்றது தப்பா மேடம்?"

"இங்க தப்புதான். எந்த வேலையிலயும் சேராம காத்துக்கினே இருக்கறதுதான் இதுங்களோட தகுதி."

அந்தத் தகுதி பதினோரு வருஷமாகத் தன்னிடமும் இருக்கிறதே என்று மரியகுழந்தை சொல்லவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, கான்ட்ராக்ட் இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"இன்னாங்க, ஆர்டர் குடுத்தாங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் லூயிசா. நடந்ததைச் சொன்னார். அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"அந்த செல்லுங்க இன்னா ஆச்சு?"

"ஆளுக்கொரு வேலையில சேந்துக்கிச்சாம். இனிமே யாராலயும் மாத்த முடியாதாம்."

"வுடுங்க," என்றாள். "உங்க கையால அதுங்களாவது பர்மனென்ட் ஆச்சே."