பிரேக் பிடித்தால் நிற்கும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். முதலில் தெரிந்தது கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி ஒன்று, முழங்காலருகே கறுப்பாக ஒரு கைத்தடத்துடன். வேட்டிக்குரியவர் குனிந்து ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு அம்மாள், வாழைப்பழமும் பூவும் வைத்த எவர்சில்வர் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நடந்து வந்தார்.

எண்பதுகளின் கடைசியில், மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த தெரு அது. வந்தவர் என் அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை. தட்டோடு வந்தது அவரை வளர்த்த அத்தை. நூம்பலில் பயிர் வைக்கும் குடும்பம். அத்தை சரியென்றால் சரி, இல்லையென்றால் இல்லை என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். ராகு காலம் கழிந்துதான் வாசல் ஏறுவது என்று நேரம் பார்த்துக் கிளம்பியிருந்தார்கள்.

அக்கா அதற்குமுன் வந்த போட்டோக்களை எல்லாம் பார்த்த கையோடு உறையில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டாள். இந்தப் போட்டோ மட்டும் அலமாரியில் பவுடர் டப்பா மேல் சாய்ந்து நின்றிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். எங்கே எந்த இயந்திரம் நின்றாலும் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்வார். சட்டையின் கையை மடித்துக்கொண்டு இறங்கினார்.

"உடுங்க மாப்ளே, நான் பாக்குறேன்."

"இன்னும் மாப்ள ஆவல," என்றார் அத்தை.

அத்தை வாசற்படி ஏறவில்லை. நாற்காலியைத் தெருவில் போடச் சொல்லி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை உதைத்து உதைத்து எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாக ஏறிப் போயிருந்தது. அப்பா பிளக்கைக் கழற்றி, துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிறகு அந்தக் காலத்து வழக்கப்படி இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, சிறிது நேரம் மௌனமாக நின்றுவிட்டு நிமிர்த்தினார்கள். ஒரே உதை. கிளம்பிவிட்டது.

"பிளக்குதான்," என்றார் அப்பா, அத்தையின் பக்கம் திரும்பி.

மாப்பிள்ளை தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கப் போனார். நன்றாகப் போயிற்று. திரும்பி வந்தார். எங்கள் கேட்டைத் தாண்டி பிரேக்கை மிதித்தார். எஞ்சின் நின்றது.

உதைத்தார். கிளம்பிற்று. போனார், வந்தார். அதே இடத்தில் நின்றது.

"நல்லா பாத்துக்கங்க," என்றார் அத்தை. "போறப்போ ஜோராப் போவுது. இந்த ஊட்டாண்ட வந்தா நிக்குது."

"வேலப்பன்சாவடில ஹைரோடு தாண்டுறப்பகூட நின்னுச்சு அத்தே," என்றார் மாப்பிள்ளை.

"ஹைரோட்ல எல்லாருந்தான்டா நின்னு தாண்டுவாங்க."

இதற்குள் பக்கத்து வீட்டு அங்கிள் வந்துவிட்டார். காலையில் சர்ச்சில் பூசைக்குப் போட்ட சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவரிடமும் இதே கம்பெனியின் இதே ஸ்கூட்டர் இருந்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் அதைக் குளிப்பாட்டித் துடைத்து, அவர்கள் வீட்டுச் சுவரோரம் நிறுத்தி, பழைய போர்வை போர்த்திவிடுவார்.

"கார்பரேட்டர்ல தண்ணி பூந்துக்குது," என்றார். "வண்டிய வச்சிக்கத் தெரியணும் தம்பி. நம்ம வண்டி வாங்கின நாள்லேர்ந்து ஒரு நாளு நடுரோட்ல நின்னுதுன்னு சொல்லு பாப்போம். கேட்டுப் பாரு தெருவுல."

அவர் தெரு என்று சொன்ன தெரு முழுவதும் அப்போது எங்கள் வாசலில்தான் இருந்தது. பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர். சைலன்சர் அடைப்பு என்றார் இன்னொருவர். கண் பட்டிருக்கிறது, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுங்கள் என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தை எலுமிச்சம்பழத்தை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். காபி கொண்டுபோகும் வரை அவள் வெளியே தலைகாட்டக் கூடாது.

"அந்த அம்மா இன்னாடா சொல்றாங்க?"

"ஊடு சரியில்லன்றாங்க."

அக்கா வேலை செய்தது வண்டிகளுக்கு சுவிட்ச் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க அவள் வேலை. "நான் இங்கேர்ந்து பின்பக்கத்ததான் பாத்துகினு இருக்கேன்," என்றாள். "சின்ன செவப்பு எரியுது. பிரேக்கு மெதிச்சா பெரிய செவப்பு வரணும். வரல. அதே நேரத்துக்கு எஞ்சினும் பூடுது. கால் பிரேக்க மெதிக்காம வரச் சொல்லு."

போய்ச் சொன்னேன். யார் சொன்னது என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

இந்த முறை வண்டி எங்கள் வீட்டின் முன் நிற்கவில்லை. எஞ்சின் சீராக ஓட, முகத்தை நேராக வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அத்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "நிக்கல பாரு!" என்றார் அப்பா. அதன் பிறகும் நிற்கவில்லை. அந்த ஸ்கூட்டரில் கை பிரேக் என்பது பிடித்துக்கொள்ள ஒரு பொருள், அவ்வளவுதான். தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த மணற்குவியலில் முன்சக்கரம் ஏறியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அடி பட்டுச்சா?"

"எஞ்சின் நிக்கலன்னு போயி சொல்லுங்க," என்றார்.

அந்தக் காலத்துச் சில ஸ்கூட்டர்களில் பேட்டரி கிடையாது. எஞ்சினுக்கும் விளக்குக்கும் ஒரே இடத்திலிருந்துதான் மின்சாரம். காலால் பிரேக்கை மிதித்தால் அது பிரேக் விளக்கின் வழியாகச் சுற்றிப் போகும்படி இணைத்திருந்தார்கள். அந்த பல்பு போயிருந்தால் வழி அடைபட்டு எஞ்சினும் அணைந்துவிடும். இதையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு அன்று தெரிந்தது, பல்பு வேண்டும் என்பது மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

பட்டுப்புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, திருப்புளியோடு கொல்லைப்பக்கக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கிள் எங்கள் வாசலில் கார்பரேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அங்கிள் வண்டிலேர்ந்து பின்னாடி பல்பு ஒண்ணு எடுத்துக்கட்டுமா? நாளைக்கு கட தொறந்ததும் வாங்கியாந்து போட்டுர்றேன்."

"பின்னாடி பல்புதான? எடுத்துக்கோமா. அந்த மனுசன் திரும்பியா பாக்கப் போறாரு? அவரு வண்டி ஓட்றதவிடத் தொடைக்கிறதுதான் ஜாஸ்தி."

அக்கா போர்வையைத் தூக்கி, சிவப்புக் கண்ணாடியின் திருகாணிகளைக் கழற்றி, பல்பை எடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, போர்வையைப் பழையபடி இழுத்துவிட்டாள். பல்பு என் கையில் வந்தது. அப்பா அதை மாட்டினார். தானே கண்டுபிடித்தவர் முகத்தோடு மாட்டினார்.

மாப்பிள்ளை போனார், வந்தார், கேட்டைத் தாண்டி பிரேக்கை மிதித்தார். இருட்டத் தொடங்கியிருந்த தெருவில் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

அத்தை அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் தெருவே அவரைப் பார்த்தது.

"வழி நெடுக எரியாத வெளக்கு," என்றார், "இந்த ஊட்டு வாசல்ல வந்து எரியுது."

தட்டோடு எழுந்து வலது காலை வைத்து வாசற்படி ஏறினார்.

பஜ்ஜியை மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்தார்கள். அக்கா காபி கொண்டு வந்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுத்த டம்ளரின் விளிம்பில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அத்தையின் கண்ணில் படாதபடி டம்ளரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார். அத்தை பூவை அக்காவின் தலையில் வைத்தார்.

வாசலில் விடைபெறும்போது அங்கிள் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "இனிமேட்டாவது வண்டியப் பாத்து வச்சிக்க நைனா. நம்ம வண்டி மாதிரி."

மறுநாள் காலை, கடைகள் திறப்பதற்கு முன், அங்கிளின் ஸ்கூட்டர் மேனாம்பேடு சாலை வளைவில் நின்றது.