நெத்திலி ஆய்ந்த அம்மாள்

அன்று மதியம் இருந்தவர்கள்: முதல் நாற்காலியில் குப்பம்மா அக்கா, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இரண்டாவதில் ஹெங் அங்கிள். அவருக்குத் தமிழ் தெரியாது. மூன்றாவதில் மணியம் அண்ணன், லாரி ஓட்டியவர். நர்ஸ் சாந்தி மிஸ்ஸி. அட்டெண்டர் நான்.

புந்தோங்கில் ஒரு டயாலிசிஸ் சென்டர். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரம் மூன்று நாள் வருவார்கள். மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்ய நான்கு மணி நேரம் ஆகும். கையில் ஊசி இருக்கும், அசையக்கூடாது. அதற்காகத்தான் டிவி.

மணியம் அண்ணன் சாய்ந்ததும் சொன்னார்.

"செல்வம், இன்னிக்கோட சரி. புதன்கிழமை வரமாட்டேன்."

"வராம என்னண்ணே செய்வீங்க?"

"வீட்டுலயே கிடந்து போயிக்கிறேன்லா."

வராவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மிஸ்ஸி பேசிப் பார்த்தார். மனைவி இறந்தபின் அவர் யார் பேச்சையும் கேட்பதில்லை. நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

நாடகம் தொடங்கியது. மெதுவாகப் போகிற நாடகம்.

"இதுல ஒருத்தன் தண்ணி குடிக்க ரெண்டு நாளு ஆவுது," என்றார் மணியம் அண்ணன்.

"நீ லாரி ஓட்டுன மாதிரியே எல்லாம் பறக்கணுமா? வாய மூடிட்டுப் பாரு," என்றார் அக்கா.

கதையில் அம்மாளைப் பார்க்க மகன் வந்திருக்கிறான். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வரச் சொல்கிறான். அம்மாள் உட்கார்ந்து நெத்திலி ஆய்கிறாள். யாரும் அழவில்லை. பாட்டு இல்லை. கூரைக் காத்தாடிச் சத்தம் மட்டும்.

மணியம் அண்ணன் தலையைத் தூக்கினார்.

"அக்கா, அவ கையப் பாருங்க. தலையக் கிள்ளிச் சட்டியில போடுறா. மீனக் குப்பையில போடுறா."

பார்த்தோம். உண்மைதான். மகன் கவனிக்கவில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"என் பொண்டாட்டி நாசி லெமாக் சோத்துக் கடைக்கு நான்தான் நெத்திலி ஆய்வேன். மனசு இங்க இல்லன்னாதான் இப்படிப் போடும்," என்றார்.

பிறகு அம்மாளின் கை நின்றது. மகனைப் பார்த்தாள். அப்படியே இருந்தாள். கண்கூட அசையவில்லை. ஹெங் அங்கிள் எப்போதும் கீழே வரும் மலாய் எழுத்தைத்தான் படிப்பார். இப்போது எழுத்து இல்லை. அவரும் முகத்தைப் பார்த்தார்.

வெளியே மழை. மழை வந்தால் இங்கே எல்லா வீட்டு டிவியிலும் படம் நின்றுபோகும். மிஸ்ஸி கவுண்டரிலிருந்து வந்தார். படம் நின்றுவிட்டது என்று நினைத்து டிவியின் டிகோடர் பெட்டி பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயோ மிஸ்ஸி! படம் நிக்கல லா, அவ நடிக்கிறா!" என்று கத்தினார் மணியம் அண்ணன். மெஷின் பீப் அடித்தது. பிரஷர் ஏறிவிட்டது.

டிகோடர் திரும்ப வந்தபோது சோப்பு விளம்பரம்.

"சாரிண்ணே," என்றார் மிஸ்ஸி.

"அவ போமாட்டா," என்றார் அக்கா.

"போயிருவாக்கா. அவ ஒடஞ்சிட்டா."

"மரா," என்றார் ஹெங் அங்கிள். அம்மாளுக்குக் கோபமாம்.

மூன்று பேரும் ஊசியோடு ஒரு மணி நேரம் வாதாடினார்கள். இப்படி நான் பார்த்ததில்லை.

"அடுத்தது எப்ப?" என்றார் மணியம் அண்ணன். வீட்டில் டிவி பேரன் கையில், இவரால் பார்க்க முடியாது.

"புதன்கிழமை. வராதவனுக்குக் கதை எதுக்குலா?" என்றார் அக்கா.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படம் நின்றால் டிகோடரைத் தொடாதீர்கள். நாற்காலியில் இருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் படம் ஓடுகிறது.

புதன்கிழமை மூன்றாவது நாற்காலிக்கும் துணி விரித்தேன். அக்கா வந்தார். அங்கிள் வந்தார். நேரம் தாண்டியது. மிஸ்ஸி போனை எடுத்தார். அப்போது கதவு திறந்தது.

"போட்டாச்சா?" என்றார் மணியம் அண்ணன். டிவியைத்தான் கேட்டார்.

ஊசி போடுமுன் எடை பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் படித்துச் சொன்னேன்.

அறுபத்து மூன்று புள்ளி நான்கு கிலோ.