நாலரை லட்சம் கிலோமீட்டர் கேட்ட காது

ராஜவேல் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஆயில் கம்பியை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுக்கும்போது மணி ஆறு இருக்கும். கம்பியில் இருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்தான். அவர் அதோடு விடமாட்டார். நுனியில் தொங்கும் சொட்டைக் கட்டைவிரலில் வாங்கி ஆள்காட்டி விரலால் தேய்ப்பார். முகர்ந்து பார்ப்பார். பிறகு, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் மனைவி ஜான்சியிடம், "நல்லா இருக்காரு" என்று சேதி சொல்வார். வண்டியைத்தான் அவ்வளவு மரியாதையாக.

"என்னிய ஒருநாளாவது இந்த மாதிரி எப்படி இருக்கேன்னு பாத்திருக்கியா மாமா?" என்பாள் ஜான்சி.

"நீ கம்பெனி கண்டிஷன். உனக்கு எதுக்கு செக்கப்பு?"

இது அநேகமாக தினமும் நடக்கிற பேச்சு. ஒருநாள் ஜான்சி கேட்க மறந்துவிட்டால், அவராகவே பதிலை மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார்.

சிதம்பரம் அம்மாபேட்டைப் பக்கம் ராஜவேலைத் தெரியாதவர்களுக்கும் அந்த வண்டியைத் தெரியும். ஏழு பேர் உட்காரும் வெள்ளை டர்போ டீசல் வண்டி. வேறொருவர் ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிக் கை கழுவியதை வாங்கி, பதினோரு வருஷத்தில் நாலரை லட்சத்தைத் தாண்ட வைத்துவிட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஏழே முக்காலுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை பார்க்கும் நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். மாலையில் அழைத்து வந்து அவரவர் வீட்டு வாசலில் விடுவார். சனி, ஞாயிறு வேளாங்கண்ணி, திருவண்ணாமலை, கல்யாண வீடு. இந்தப் பதினோரு வருஷத்தில் அந்தப் பெண்கள் ஒருநாள்கூட ராஜவேலால் ஆபீசுக்குத் தாமதமாகப் போனதில்லை. புயல் வந்து ஆபீசே திறக்காத நாளில்கூட வண்டி வாசலில் வந்து நின்றது.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. கம்பெனி புத்தகம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னால் அவர் ஐயாயிரத்தில் மாற்றுவார். காலையில் வண்டி எடுத்ததும் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை அழுத்தமாட்டார். டவுன் பஸ் முந்தும், மீன்கூடை கட்டிய மொபெட் முந்தும், அவர் கண்டுகொள்ளமாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், ஓடி வந்த வண்டியை உடனே அணைக்கக் கூடாது என்பது. எங்கே போய் நின்றாலும் இரண்டு நிமிஷம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

"ஓடி வந்தவன வந்ததும் படுன்னா படுப்பானா? மூச்சு வாங்க வுடணும். உள்ள டர்போன்னு ஒரு சின்னக் காத்தாடி இருக்கும்மா. இன்ஜின் புகையிலதான் சுத்தும். நிமிஷத்துக்கு லட்சம் சுத்து. அதுக்கு ஆயில்தான் சோறு. சுத்திக்கிட்டு இருக்கறப்பவே சோத்த நிறுத்திட்டா?"

வண்டியில் புதிதாக ஏறுகிற யாருக்கும் இந்தப் பாடத்திலிருந்து விடுதலை கிடையாது. எதிர்வீட்டுக்காரர் புகை வருகிறது என்று முணுமுணுத்துப் பார்த்து விட்டுவிட்டார். ஜான்சிக்கு அந்த இரண்டு நிமிஷம் சௌகரியம். வாசலில் வண்டி வந்து நிற்கும்போது பாலை அடுப்பில் ஏற்றினால், இன்ஜின் அடங்கும்போது காபி தயார்.

இதெல்லாம் பழக்கம்தான். ராஜவேலின் சொத்து வேறு. அது அவர் காது.

ஒருமுறை புதுச்சத்திரம் தாண்டி ஆலப்பாக்கம் வருவதற்குள் திடீரென்று ஓரங்கட்டினார். வண்டிக்குள் நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "எதோ ஸ்ஸுன்னுது" என்று இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். காற்றுக்குழாயைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அதை முறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நால்வரில் மூத்தவர் ராமாமிர்தம், கருவூலத்தில் சூப்பிரண்டெண்ட். அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எங்க ராஜவேலு காது இருக்கே, கொசு தும்முனாக்கூட கேக்கும்."

கொசுவில்தான் ஜான்சிக்கு முதல் சந்தேகம் வந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் ராஜவேல் நாற்காலியில் சாய்ந்தபடி, "இப்பல்லாம் கொசுவே இல்ல பாத்தியா? முனிசிபாலிட்டிக்காரன் நல்லா மருந்து அடிக்கறான்" என்றார். அவர் முழங்கையில் மூன்று தடிப்பு சிவந்திருந்தது. நாலாவது கொசு அவர் காதோரம் பாடிக்கொண்டே சுற்றுவதை ஜான்சி பார்த்தாள். அவர் சொறிந்துகொண்டே முனிசிபாலிட்டியைப் பாராட்டினார்.

அவள் கையால் ஒரு வீசு வீசி அதை விரட்டினாள்.

மாசியில் சத்துணவு அமைப்பாளர்களுக்குக் கலெக்டர் ஆபீசில் கூட்டம். அம்மாபேட்டைப் பள்ளியில் ஜான்சி அமைப்பாளர் என்பதால் அன்று அவளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பு.முட்லூர் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் எங்கிருந்தோ மெல்லிய விசில் ஒன்று புறப்பட்டது. வேகம் கூடக் கூட அதுவும் ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது. எங்கோ தூரத்தில் ஆம்புலன்ஸ் வருவதுபோல.

பின்சீட்டில் சின்னப் பெண் சத்யப்பிரியா. கல்வி அலுவலகத்தில் ஜூனியர் அசிஸ்டெண்ட். "அண்ணே, என்னமோ விசிலு மாதிரி வருதே?" என்றாள்.

"காத்தும்மா. கண்ணாடிய ஏத்து."

ஏற்றினார்கள். காற்றின் இரைச்சல் போனதும் விசில் இன்னும் துல்லியமாகக் கேட்டது. ராஜவேல் திருப்தியாகத் தலையை ஆட்டினார். "பாத்தியா, நின்னுடுச்சி."

யாரும் மறுத்துப் பேசவில்லை. பதினோரு வருஷமாக அந்தக் காதை நம்பிப் போய் வந்தவர்கள். அவர் நின்றுவிட்டது என்றால் நின்றுதான் இருக்க வேண்டும், நம் காதுக்குத்தான் என்னமோ என்று நினைத்திருப்பார்கள். ராமாமிர்தம் மட்டும் ஜான்சியைப் பார்த்தார். ஜான்சி சாலையைப் பார்த்தாள்.

மாலையில் நால்வரும் இறங்கிய பிறகு, "பக்கிரி அண்ணன் கடைக்கு ஒரு எட்டு போயிட்டுப் போலாம் மாமா" என்றாள்.

"ஆயிலு மாத்தறதுக்கு இன்னும் எட்நூறு கிலோமீட்டர் இருக்குதே?"

"சும்மா போலாம்."

பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை போட்ட மெக்கானிக் கடை பக்கிரியுடையது. வண்டி நிற்பதற்கு முன்பே அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "வா மச்சான். நானே போன் பண்ணணும்னு இருந்தேன். டர்போ என்னா இப்படிக் கத்துது?"

"எங்கடா கத்துது?"

பக்கிரி சிரித்தார், ராஜவேல் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து. ராஜவேல் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ராஜவேலின் அந்த இரண்டு நிமிஷம் முடியக் காத்திருந்து, இன்ஜின் ஆறியதும் காற்றுக்குழாயைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற காற்றாடி. விரலால் அதன் நடுத்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். அசைந்தது.

"நீயே பாரு."

ராஜவேல் விரலை விட்டார். அந்த விரலுக்கு எல்லாம் தெரியும். அசையவே கூடாத தண்டு, பிடுங்கப்போகிற பல் மாதிரி ஆடியது. விரலை எடுக்காமலே கேட்டார். "எத்தினி நாளா?"

"மாசத்துக்கு மேல இருக்கும். நீ இந்த வழியா போறப்ப வர்றப்ப எல்லாம் கேக்குது. உன் காதுக்குத் தெரியாததா, எதுக்காகவோ வுட்டு வச்சிருக்கேன்னு நெனச்சேன். இன்னும் பத்து நாள் போயிருந்தா தண்டு ஒடஞ்சி, ஆயிலு பூரா இன்ஜினுக்குள்ள போயிருக்கும் மச்சான். அப்புறம் சாவிய எடுத்தாக்கூட நிக்காது. தன்னால வேகம் ஏறிக்கினே போவும். வண்டி நெறைய பொம்பளைங்கள வச்சிக்கினு..."

"சரி வுடு" என்றார் ராஜவேல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜான்சி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

புது டர்போ பொருத்த இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நண்பர் ஒருவரின் வண்டியை வாங்கிப் பெண்களை ஏற்றிப் போனார், தாமதம் ஆகவில்லை. மூன்றாம் நாள் வண்டியை எடுக்கப் போகும்போது ஜான்சியையும் கூட்டிக்கொண்டார். வழக்கமாகக் கூப்பிடுகிறவர் இல்லை. பைபாஸில் கொஞ்சம் அழுத்திப் போய், காலை எடுத்து, மறுபடி அழுத்தினார்.

"நின்னுடுச்சா?" என்றார், சாலையைப் பார்த்தபடி.

"நின்னுடுச்சி மாமா."

ராஜவேல் தலையை ஆட்டிவிட்டு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் வழக்கு ஆரம்பித்தது. காது டாக்டரிடம் போகலாம் என்பாள் ஜான்சி. சளி என்பார் ராஜவேல். சளி போன பிறகு, வேலை ஜாஸ்தி என்றார். பிறகு உண்மையைச் சொன்னார்.

"காதுல மிஷின் மாட்டிக்கினு போய் நின்னா, மறுநாளே நாலு பேரும் பஸ்ஸுக்குப் போயிடுவாங்க. காது கேக்காத டிரைவரு வண்டியில எவ ஏறுவா?"

"போனா போறாங்க. எதுல போனாலும் பத்திரமா போவட்டும்."

"எல்லாம் கேக்குது ஜான்சி. நீ பேசறது கேக்கல? ஆரன் அடிச்சா கேக்கல? அந்த மெல்லிசு சத்தம் மட்டும்தான்."

"வண்டியில மெல்லிசா ஒரு சத்தம் வந்தா நீ என்னா பண்ணுவ? பெரிசாவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு வுட்டுடுவியா?"

ராஜவேல் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிட்டு எழும்போது, "வர்ற சனிக்கெழமன்னா சவாரி இல்ல" என்றார்.

சனிக்கிழமை வண்டியைக் கழுவித் துடைத்து, தானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வண்டியை எஃப்.சி. பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நாளில் இருக்கிற அதே விறைப்பு. சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் வந்தபோது கண்ணாடியை ஏற்றினார், அதைத் தாண்டியும் இறக்கவில்லை. வழியில் இரண்டு முறை, "மிஷினு வேணாம்னுதான் சொல்லுவாங்க பாரு" என்றார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருந்தது காது பரிசோதனை நிலையம். சோதனை செய்யும் அறை மிகச் சின்னது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்ததுபோல் மெத்தென்று இருந்தது. கதவு மூடியதும் தெருவே இல்லாமல் போயிற்று. ராஜவேலை நாற்காலியில் உட்கார வைத்து, கனமான ஹெட்போனை மாட்டினாள் வெள்ளைக் கோட்டு போட்ட பெண். எதிரே ஒரு ஸ்டூல், அதில் ஜான்சி. அந்தப் பெண் ராஜவேலின் முதுகுப் பக்கம் மேசையில் கருவியோடு உட்கார்ந்தாள்.

"சத்தம் கேட்டா விரலத் தூக்குங்க சார். எவ்ளோ சின்னதா கேட்டாலும் தூக்குங்க."

முதலில் கனமான சத்தங்கள். விரல் உடனுக்குடன் எழுந்தது. ராஜவேலின் முகம் தெளிந்தது. பிறகு மெல்லிய சத்தங்கள் வந்திருக்க வேண்டும். விரல் மடியிலேயே கிடந்தது. அந்தப் பெண் கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால், ஹெட்போனின் ஓரத்திலிருந்து கசிந்த கீச்சொலி எதிரே இருந்த ஜான்சிக்கே கேட்டது. கேட்டதும் அவள் புருவம் தன்னால் உயர்ந்தது. விரல் எழுந்தது.

அப்பாடா என்று இருந்தது ஜான்சிக்கு.

மறுபடி ஒரு கீச்சு. விரல் எழுந்தது. இன்னொன்று. எழுந்தது.

"பரவால்லயே. இப்ப நல்லா கேக்குதே சார்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் தாளில் குறித்தாள்.

அப்போதுதான் ஜான்சி கவனித்தாள். ராஜவேல் கண்ணை மூடவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடு பள்ளம் பார்த்துச் சாலையைக் கவனிக்கிற அதே கவனம். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். கருவியில் எந்தச் சத்தமும் இல்லை. ஜான்சி வேண்டுமென்றே புருவத்தை லேசாக உயர்த்தினாள்.

ராஜவேலின் விரல் எழுந்தது.

அந்த விரலைப் பார்த்தாள். காப்புக் காய்த்து, நகக்கண்ணில் போகாத கறுப்போடு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஜான்சி, எங்க போற?" என்றார் ராஜவேல். ஹெட்போன் மாட்டியிருந்ததால் குரல் ஊருக்கே கேட்கும்படி வந்தது.

"சார், பேசக் கூடாது" என்றாள் அந்தப் பெண்.

"ஏய், இங்கியே இரேன். எங்க போற?"

ஜான்சி அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய், கதவைச் சாத்தினாள்.