காவலனுக்கு விளங்கும் மொழி

இந்தோனேசியாவில், இந்த மேடானில், வினைச்சொல் கடைசிவரை காத்திருப்பதில்லை. நாம் 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்போம். இவர்கள் 'சாயா மாக்கான் நாசி' என்று சோற்றின் பெயர் வருமுன்னரே சாப்பிட்டுவிடுகிறார்கள். நேற்றென்றாலும் நாளையென்றாலும் வினைச்சொல் மாறாது. வீட்டுக்கார அம்மா குசினியில் வெங்காயம் உரித்தபடி இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தார்.

ஆசைக்காக நான் படிக்கவில்லை. வெளிநாடு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டோடு பிடிபட்ட என் கணவர் தடுப்பு முகாமில் இருந்தார். அலுத்துப்போய், ஊருக்கே திரும்புகிறேன் என்று எழுதிக் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர் எனக்குச் செய்தி சொன்னார். ஊரில், கண்டாவளையில், எங்கள் வீட்டை எரித்துவிட்டார்களாம். என் கணவருடைய தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். இவர் போய் இறங்கினால் இவருக்கும் அதே கதிதான். எப்படியாவது தடுக்க வேண்டும். ஆனால் முகாமில் காவலனுக்கு விளங்காத மொழியில் பேசினால் சந்திப்பை நிறுத்திவிடுவார்கள்.

கண்டாவளையில் எங்களுக்கு முழு வசனமே தேவைப்பட்டதில்லை. அவர் வயலிலிருந்து வந்து "என்ன?" என்பார். "ஓம்" என்பேன். சோறு ஆறவில்லை, மாடு கட்டியாகிவிட்டது, எல்லாம் அதற்குள் அடக்கம். இப்போது அந்த மனிதரிடம் பேச நான் வாரக்கணக்காக வசனம் பாடமாக்கினேன். வெட்கமாக இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர், நடுவில் காவலன்.

"ருமா தீடாக் ஆடா," என்றேன். வீடு இல்லை.

நான் இருக்கும் வாடகை வீட்டைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். "இபு மாரா?" வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபமா என்று கேட்டார். முகாமுக்குள் இருந்தபடி அவரும் அந்த மொழியைக் கொஞ்சம் பொறுக்கியிருந்தார். காவலன் சிரித்தான்.

"ருமா கண்டாவளை. ஆடிக் தீடாக் ஆடா." தம்பியும் இல்லை. "ஜாஙான் பூலாங்." போக வேண்டாம்.

அவர் முகம் கறுத்துவிட்டது. பிறகு தமிழில் சொன்னார்: "போறன் எண்டு நேற்றே கையெழுத்து வச்சிட்டன்."

காவலன் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அவருடைய தோளைப் பிடித்தான்.

"இஞ்சாரும், தம்பி உயிரோட இருக்கிறானோ? தமிழிலை சொல்லும்," என்றார் என்னைத் திரும்பிப் பார்த்து.

கதவு சாத்தும் வரைக்கும் நான் காவலனையே பார்த்து, ஒரு பிழையும் இல்லாத இந்தோனேசிய மொழியில், இன்னும் ஒரு நிமிடம் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.