கல்லிடுக்குத் தோட்டத்தில் பால் ஊற்றாதீர்கள்

செடி விற்கும் தொழிலில் செடிகளால் ஒரு தொந்தரவும் கிடையாது. அவை பேசுவதில்லை, நம்மைப் பேசச் சொல்வதும் இல்லை. தாவரவியல் படித்துவிட்டு மைசூரில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் நம்பி வந்தது இதைத்தான். வாசலிலேயே ஒரு கவுண்டர் இருக்கும், அதன் பின்னால் ஒரு ஸ்டூலில் நாள் முழுக்க என்னை உட்காரவைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தெரியாதவர் எதிரே வந்து நின்றால் பார்வையைத் தரைக்குத் திருப்பிவிடும் ரகமா நீங்களும்? அப்படியானால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது.

நேற்று வாங்கிய ரோஜா

சேர்ந்த புதிதில் ஒருவர் காய்ந்த ரோஜாச் செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கிவந்து கவுண்டர் மேல் வைத்தார். "நேத்துதான் வாங்கினேன். இன்னிக்கு செத்துப்போச்சு" என்றார். தண்டு விறகாகியிருந்தது. தொட்டிக்குள் சிலந்தி வலை கட்டிக் குடியிருந்தது. ஒரே நாளில் சிலந்திகூட இவ்வளவு செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் உள்ளே போய்ப் புதுச் செடி ஒன்றை எடுத்துவந்து கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம் இதேபோல இன்னும் சிலர் வந்தார்கள். செய்தி எப்படித்தான் பரவியதோ தெரியாது. முதலாளி பழனிசாமி அண்ணன் ஹனூர்ப் பக்கத்துக்காரர். அதற்குப் பக்கத்திலிருக்கும் கொள்ளேகால்தான் எங்கள் ஊர் என்பதால் என்னிடம் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்வார். காய்ந்த தொட்டிகள் வரிசையாகச் சேர்ந்திருப்பதைப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஏனுங்க அம்மணி, நாம நர்சரி நடத்துறமா, அன்னதானம் நடத்துறமா?" என்றார்.

போனில் வந்த மலை

மைசூர் யாதவகிரியில் வீடு கட்டிக் குடியிருக்கும் ராஜகோபால் சார் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் இமயமலை ஏறியவர். ஒருநாள் நர்சரிக்கு வந்து போனை நீட்டினார். வெளிநாட்டில் யாரோ போட்ட தோட்டம். தட்டைக் கற்களைப் படுக்கப் போடாமல், அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல நெட்டுக்குத்தாக நிறுத்தி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்த சந்துகளில் குட்டிக் குட்டி மலைச்செடிகளை நட்டிருந்தார்கள். "இது என் வீட்டு முன்னாடி வேணும்" என்றார். பழனிசாமி அண்ணன் படத்தைச் சரியாகப் பார்க்காமலே "செஞ்சு போடலாமுங்க" என்று தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

நான் கல்லூரியில் இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். மலைச்செடிகளைக் குளிர் கொல்வதில்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்தில் நிற்கும் ஈரம்தான் கொல்லும். கற்சந்தில் மணலும் சரளையும் போட்டு நட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், வேர் கல்லை ஒட்டிக்கொண்டே கீழே குளுமையைத் தேடிப் போகும். ஆனால் பனியில் தூங்கி எழும் செடிகள் மைசூரில் பிழைக்காது. ஊட்டியில் கிடைக்கும் டயாந்தஸ், சீடம், தைம் மாதிரி கொஞ்சம் பொறுத்துப்போகிறவற்றைத்தான் நட முடியும். இதையெல்லாம் நான் ராஜகோபால் சாரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர் போனதும் பழனிசாமி அண்ணன் என்னிடம் ஒரு பேரம் பேசினார். "அம்மணி, அந்தச் செடி மழையத் தாண்டித் தசரா வரைக்கும் உசுரோட இருந்துச்சுன்னா, கவுண்டருக்கு வேற ஆளப் போட்டுடறேன். நீங்க பாட்டுக்கு வெளியில தோட்டம் போட்டுக்கிட்டு இருங்க. செத்துச்சுன்னா, அந்த ஸ்டூலு உங்களுக்குத்தான்."

சந்துகளை அடைத்தவர்

கல் வேலைக்கு வந்தவர் லோகேஷ். அந்தப் பகுதியில் பாதி காம்பவுண்டுச் சுவர்கள் அவர் கட்டியவை. கீழே உடைத்த செங்கல் பரப்பி, அதன்மேல் மணல் மேடு போட்டு, சப்படி எனும் பலகைக் கற்களை எல்லாம் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்த மாதிரி நட்டோம். கல்லில் பாதிக்குமேல் மண்ணுக்குள் போகவேண்டும்; வெளியே தெரிவது கொஞ்சம்தான் என்றதும் அவருக்கு மனசே ஆறவில்லை. நல்ல கல்லைக் கொண்டுபோய்ப் புதைக்கிறார்களே என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினார்.

மத்தியானம் நான் சரளை எடுத்துவர நர்சரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தோட்டம் பளிச்சென்று இருந்தது. மூன்று சந்துகளில் சிமென்ட் பூசி, கரண்டியால் கோடு இழுத்து, ஈரத்துணியால் துடைத்தும் வைத்திருந்தார். இவ்வளவு அழகாக யாரும் என் வேலையைக் கெடுத்ததில்லை. "அண்ணா, செடி வைக்கத்தான் சந்து" என்று முனகினேன். இறுகுவதற்குள் அவரே உட்கார்ந்து சுரண்டி எடுத்தார். வருத்தம் மட்டும் போகவில்லை. கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்: "மேடம், லோகேஷ் சந்து விட்டுக் கல்லு வெச்சான்னு இந்த ரோட்டுல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அப்புறம் எனக்கு யாரு வேலை குடுப்பாங்க?"

வேரைக் குளிப்பாட்டுதல்

ஊட்டியிலிருந்து செடிகள் வந்தன. நர்சரி மண்ணோடு அப்படியே சந்தில் வைத்தால் அந்த மண் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் வாளித் தண்ணீரில் வேரை அலசி, மண் முழுவதும் போனபின், நீளவாக்கில் சந்துக்குள் இறக்கி, மணலைக் கரண்டிக் காம்பால் குத்தி நிரப்பி, கழுத்தருகே சின்னக் கல்சில்லு வைத்து இறுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் செடியைக் கொலை செய்கிற மாதிரி இருக்கும்.

ராஜகோபால் சாரின் மனைவி சுகந்தி ஆன்ட்டி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மண் வேண்டாம், எரு வேண்டாம், டிகாக்ஷன் இறக்கிய காபிச் சக்கையும் வேண்டாம் என்று நான் ஒவ்வொன்றாக மறுத்ததில் அவருக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. கடைசியில் சொன்னார்: "நானும் கீரையை இப்படித்தாம்மா அலசுவேன். ஆனா அப்புறம் சமைச்சிடுவேன், நட மாட்டேன்."

ஐஸ்

ராஜகோபால் சாருக்காக ஒரே ஒரு சாக்ஸிஃப்ரேஜ் மட்டும் நட்டிருந்தேன். அது உயர்ந்த மலைக்காரி. இங்கே நிற்காது என்று முன்பே சொல்லியிருந்தேன். "முயற்சி பண்ணுவோம்" என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் வெயில் ஏற ஏற அவருக்குத் தூக்கம் வரவில்லை. நான் போகும்போதெல்லாம் மற்ற செடிகள் நன்றாக இருந்தன. அந்த ஒன்றைச் சுற்றி மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தது. அவரைக் கேட்டால் மேகத்தைப் பார்த்தார்.

மே மாதம் அது செத்தது. நான் பிடுங்கி எடுத்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பின்னாலிருந்து சுகந்தி ஆன்ட்டிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவர்கள் வீட்டில் பேச்சு தமிழ்தான். கணவரைக் கூப்பிட மட்டும் மைசூர் வழக்கப்படி 'ரீ'. "ஏன்ரீ, இப்பவாவது சொல்லுங்க. ஒரு மாசமா இந்த வீட்ல வர்றவங்களுக்கு ஜூஸ்ல போட ஐஸ் இல்லை. எல்லாம் இதுக்குத்தானே ஊட்டி விட்டீங்க."

மஞ்சள் குங்குமம்

ஆடி மழை தூறத் தொடங்கியது. ஒரு காலையில் போனேன். எல்லாவற்றிலும் உயரமான கல்லின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. காலடியில் ஒரு செம்பருத்தி. அப்போதுதான் ரோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். தாழ்ந்த காம்பவுண்டுக்கு மேலே நெட்டுக்குத்தாக, வரிசையாக, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் கற்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் அரச மரத்தடியில் நிற்கும் நாகர் கற்களைப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். படித்த படிப்பில் அது தோன்றாமல் போய்விட்டது.

அடுத்த முறை மஞ்சளோடு பாலும் ஊற்றியிருந்தார்கள். சந்துக்குள் இறங்கிய பால் புளித்து, எறும்பு ஏறி, ஒரு டயாந்தஸ் கழுத்தோடு அழுகிவிட்டது. ஊற்றியவர் எதிர்வீட்டு சரோஜம்மா என்று தெரிந்தது. தன் வாசலில் அவரே நின்றிருந்தார். நான் அழுகிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன். என்னால் முடிந்த கண்டனம் அதுதான். அவரும் அன்பாகச் சிரித்துக் கன்னடத்தில் சொன்னார்: "கல்லை நிக்க வெச்சுட்டுச் சும்மா விடலாமாம்மா? வீட்டுக்கு ஆகாது."

பனியில் தூங்கியவர்

நாகர் கல்லுக்குப் பால் ஊற்றும் நாக பஞ்சமி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தெருவே பால் சொம்போடு வந்தால் ஒரு செடிகூட மிஞ்சாது. தசரா, கவுண்டர், ஸ்டூல் எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார்கள் என்று ராஜகோபால் சாரிடம் போனேன். முழுதும் கேட்டார். எழுந்து ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். "பனிப்பாறை மேல டென்ட் போட்டுத் தூங்கினவன்மா நான். ஆனா சரோஜம்மாகிட்ட இதைச் சொல்ற தைரியம் எனக்குக் கிடையாது."

போர்டு

பேசத் தெரியாதவர்கள் எல்லோரும் கடைசியில் செய்வதைத்தான் நானும் செய்தேன். எழுதினேன். 'தயவுசெய்து இங்கே பால் ஊற்றாதீர்கள்' என்று கன்னடத்தில், பெரிய எழுத்தில், மழையில் கரையாத பெயின்டில். ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி கம்பி கட்டி நட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

பஞ்சமி காலை எதற்கும் பார்த்துவிடலாம் என்று போனால், வாசலில் சரோஜம்மா மட்டுமில்லை. நான் பார்த்தேயிராத பக்கத்துத் தெருப் பெண்கள் எல்லாம் சொம்பும் பூவுமாக வரிசை கட்டி நின்றார்கள். போகிற வழியில் ஆட்டோவை ஓரம் கட்டிய ஒருவர் போர்டை வாய்விட்டுப் படித்தார். ஹேண்டில்பாரிலிருந்து கையெடுத்து ஒரு கும்பிடும் போட்டார். பக்கத்தில் நின்ற என்னிடம் விளக்கமும் சொன்னார்: "ஊத்தாதீங்கன்னு போர்டே வெச்சிருக்காங்கன்னா, எவ்வளவு ஜனம் வந்து ஊத்தியிருக்கும் பாருங்க. சக்தி இல்லாமலா?"

வாய்

கேட் திறந்தது. சரோஜம்மா சொம்போடு உள்ளே காலெடுத்து வைத்தார். நான் போய்க் குறுக்கே நின்றுவிட்டேன். எப்படி நின்றேன் என்று இன்றுவரை தெரியாது. "இது சாமி இல்லம்மா. வேலிக்குப் போடற சப்படிக் கல். நான்தான் பொறுக்கினேன், லோகேஷ் அண்ணாதான் நட்டார்" என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். வரிசையில் நடுவே நின்ற ஒரு பெண், "எந்தச் சாமிக் கல்லையும் யாரோ ஒருத்தர்தானேம்மா நட்டிருப்பாங்க?" என்றார். அந்த வாதத்தில் அவர்தான் ஜெயித்தார். ஆனால் வாய் திறந்துவிட்டது, மூட வரவில்லை. குனிந்து, பால் இறங்கிய சந்திலிருந்து இன்னொரு செடியைப் பிடுங்கிக் காட்டினேன். வேர் கறுத்து நாறியது. பக்கத்துச் சந்தில் விரலைவிட்டு, நல்ல செடி எப்படி இறுகப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரையும் தொட்டுப்பார்க்கச் சொன்னேன். மழைத்தண்ணீர் எப்படி இறங்குகிறது, பால் ஏன் அங்கேயே தங்கிப் புளிக்கிறது, எறும்பு எதற்கு வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். தூறலில் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு கேட்டார்கள். உள்ளே திரைச்சீலை லேசாக விலகியிருந்தது.

சரோஜம்மா சொம்பை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். அரச மரத்தடிக்குப் போகிற வழி முழுக்கச் சேறு, முழங்கால் வலி வேறு, அதனால்தான் கிட்டத்தில் இருக்கிறதே என்று வந்ததாகச் சொன்னார். பால் வேண்டாம், மஞ்சள் மட்டும் தொட்டு வைக்கலாமா என்று கேட்டார். செடி இல்லாத ஓரத்துக் கல்லைக் காட்டினேன். வரிசையாக எல்லோரும் அதில் மஞ்சள் வைத்தார்கள். நின்றிருந்த ஆட்டோவிலேயே முழங்கால் வலிக்காரர்களை ஏற்றி, பாலோடு அரச மரத்தடிக்கு அனுப்பினேன். ஏறுமுன் சரோஜம்மா என் கன்னத்தில் மஞ்சள் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "இவ்வளவு வாய் இருக்கற பொண்ணு, எதுக்கம்மா போர்டு எழுதி வெச்சே?"

தசரா முடிந்து

செடிகள் பிழைத்தன. செத்த இடங்களில் சீடம் படர்ந்து, தைம் கல்லின் மேல் வழிந்து, தசரா வந்தபோது டயாந்தஸ் இரண்டாம் முறை பூத்திருந்தது. ராஜகோபால் சார் வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, பழனிசாமி அண்ணன் கொடுத்த வாக்கைக் கேட்டு வாங்கிவிடுவது என்று நர்சரிக்குப் போனேன். கவுண்டரைச் சுற்றி ஒரே கூட்டம். சரோஜம்மா, அவர் அக்கா, பக்கத்துத் தெருக்காரர்கள், கூடவே அந்த ஆட்டோக்காரர். "அந்தப் பேசற பொண்ணு எங்கே? அவ சொன்னாத்தான் எங்களுக்குப் புரியும்" என்று எல்லோரும் ஒரே குரலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழனிசாமி அண்ணன் ஸ்டூலைத் துண்டால் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். "புது ஆளு வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க அம்மணி. ஊரே உங்ககிட்டதான் பேசோணும்னு நிக்குது, நான் என்ன பண்ணட்டும்?"

ஆகவே, கூச்ச சுபாவம் உள்ளவர்களே, பேச வேண்டியிருக்காது என்று நம்பிச் செடி வேலைக்கு வராதீர்கள்; வந்துவிட்டால், ஒரு செடியையும் காப்பாற்றித் தொலைக்காதீர்கள்.